ஆனையிறவும் அகத்துப் படமும்

பிறந்து வளர்ந்த நாட்டின் வடிவத்தை நன்கறிவோம் என்பது நம்மனைவரின் நம்பிக்கை. அது எத்துணை உறுதியுடையதென அறிய விரும்புவோர், ஆனையிறவிலே சற்று நின்று, மூன்று வினாக்களைத் தம்முள் எழுப்புதல் வேண்டும்.

முதலாவது: இங்கிருந்து யாழ்ப்பாண நகரம் எத்திசையில் உளது? வகுப்பிலே இதனை வினவின், ‘வடக்கு’ என்றே மாணாக்கர் பெரும்பாலோர் விடையிறுப்பர். கண்டியிலிருந்து வரும் பெருந்தெரு வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் ஊடாக வடக்கு நோக்கி வருவது உண்மையே. ஆயின், கடனீரேரியைக் கடந்தபின் அது இயக்கச்சி, பளை வழியாக வடமேற்கே சாய்ந்து, கொடிகாமத்துக்கு அப்பால் ஏறத்தாழ நேர்மேற்காகச் செல்கின்றது. யாழ் நகரம் ஆனையிறவுக்கு வடக்கே ஏறக்குறைய 14 கிலோமீற்றரும், மேற்கே 40 கிலோமீற்றருக்குச் சற்று மேலும் தள்ளி உளது. மாலையிலே சாவகச்சேரியைக் கடந்து யாழ்ப்பாணம் செல்வோர், ஞாயிறு முகத்தில் நேரே எறிப்பதைக் கண்டும் திசையை எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது: கன்னியாகுமரி, ஆனையிறவு என்னும் இரண்டில் வடக்கே உள்ளது எது? இலங்கை இந்தியாவின் தெற்கே உளதாதலின், குமரியே வடக்கென்பர் பலர். இக்கட்டுரையாளனும் தேசப்படத்தை விரித்துப் பார்க்கும்வரை அவ்வாறே எண்ணியிருந்தான். உண்மையில் ஆனையிறவு குமரிமுனையினும் ஏறக்குறைய 160 கிலோமீற்றர் வடக்கே உளது. அனுராதபுரமுங்கூடக் குமரிக்கு வடக்கேயே அமைந்துள்ளது.

இப்பிழைகள் கல்லாமையால் மட்டும் விளைவன அல்ல. 1978 ஆம் ஆண்டில் ஸ்டீவன்ஸ், கூப் என்னும் உளநூல் ஆய்வாளர் அமெரிக்காவிலே இதனையொத்ததொன்றைக் கண்டனர். நெவாடா மாநிலம் கலிபோர்னியாவுக்குக் கிழக்கே உளதாதலின், நெவாடாவிலுள்ள ரீனோ நகரம் கலிபோர்னியாவிலுள்ள சான் டியாகோவுக்குக் கிழக்கே இருக்குமென மக்கள் கருதினர். உண்மையில் அது மேற்கே உளது. ஊரின் இடத்தைத் தனியே நினைவிற் கொள்ளாது, அதனை அடக்கிய பெரும்பரப்பைக் கொண்டு மனம் உய்த்துணர்கின்றது. 1981 இல் பார்பரா ட்வேர்ஸ்கி என்பார், சாய்ந்து கிடப்பவற்றை மனம் நிமிர்த்தியே நினைவிற் கொள்ளுமெனக் காட்டினார். நம் பெருந்தெருவும் அவ்வாறே நம் உள்ளத்தில் நிமிர்ந்துவிட்டது.

மூன்றாவது: யாழ்ப்பாண மாவட்டமும் கிளிநொச்சி மாவட்டமும் பிரியும் எல்லை யாது? ‘ஆனையிறவு’ என்பதே பலரின் விடை. ஆயின், 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமான பின், ஆனையிறவுக்கு வடக்கே குடாநாட்டிலுள்ள இயக்கச்சி, பளை முதலிய ஊர்களைக் கொண்ட பச்சிலைப்பள்ளிப் பிரிவும் அம்மாவட்டத்ததாயிற்று. நீரின் இருகரையும் ஒரே மாவட்டமே.

இப்பிழைக்கு வேறொரு காரணமும் உண்டு. 1990 இல் இப்பாதை அடைபட்டது. மக்கள் கிளாலிக் கடனீரேரியை இருளிலே தோணியேறிக் கடந்தனர். 2002 இல் திறந்த பாதை 2006 இல் மீண்டும் மூடப்பட்டது; 2009 இல் போர் முடிந்த பின்னரே திறந்தது. புகைவண்டி யாழ் நகரை மீண்டும் அடைந்தது 2014 இலாகும். அக்காலத்து வளர்ந்த பிள்ளைகள் ஆனையிறவைக் கண்ணாற் காணாது, 1991, 2000, 2009 ஆம் ஆண்டுகளின் போர்ச் செய்திகளிலே செவியாற் கேட்டனர். போர்முனையாகக் கேட்ட இடம் அவர்தம் உள்ளத்தில் எல்லையாகவே பதிந்தது. அக்கரையிலுள்ளார் வேறு நாட்டார் போலத் தோன்றுவதற்கும் அஃதொரு காரணம்.

ஆதலின் ஆசிரியர்காள்! படத்தைப் பார்த்து வரையச் செய்வதன் முன், நினைவிலிருந்து வரையச் செய்மின். பின்பு உண்மைப் படத்தோடு ஒப்புநோக்கச் செய்மின். இயலுமாயின் ஆனையிறவுக்கே அழைத்துச் சென்று, ஞாயிறு சாயுந் திசையைக் காட்டுமின். தன் பிழையைத் தானே கண்ட மாணாக்கன் தன் நாட்டைப் பின்னர் மறவான்.