டைனோசருக்கும் வீசிங் வரும்!

உங்கள் வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் ஒரு சின்ன சோதனை. 'இன்ஹேலரை எப்படிப் போட்டுக்கணும், தெரியுமா?' என்று கேளுங்கள். 'ஓ, தெரியுமே!' என்று சட்டென்று பதில் வரும். 'சரி, செஞ்சு காட்டு' என்று சொல்லிப் பாருங்கள். அங்கேதான் விஷயம் வெளியே வரும்!

ஒரு பிள்ளை குலுக்க மறக்கும். இன்னொன்று முதலில் அழுத்திவிட்டு, சாவகாசமாக அப்புறம் மூச்சை இழுக்கும். வேறொன்று இழுத்த மறு நொடியே 'ஹா...' என்று வெளியே விட்டுவிடும். மருந்து நாக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிட, மூச்சுக்குழாய்க்குப் போவது மிச்சம் மீதிதான். 'எத்தனை மருந்து மாத்தினாலும் கேக்க மாட்டேங்குதே' என்று நாம் புலம்பிக்கொண்டிருப்போம்.

டாக்டரைச் சொல்லியும் குற்றமில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது ஒரு தடவை காட்டுவார். நாமும் மண்டையை ஆட்டிவிட்டு வருவோம். ஆட்டோ வீட்டு வாசலுக்கு வருவதற்குள் பாதி மறந்திருக்கும். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க, அதுவும் சலிக்காமல் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே! அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் பார்த்தால் என்ன?

விளையாட்டிலேயே வைத்தியம்

கொடுத்துப் பார்த்தார்கள். 1995-ல் அமெரிக்காவில் 'ப்ராங்க்கி' என்று ஒரு வீடியோ கேம் வந்தது. சூப்பர் நின்டெண்டோவில் விளையாடுவது. ரயா சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி தயாரித்தது. கதாநாயகன் ஒரு குட்டி டைனோசர். பாவம், அதற்கு ஆஸ்துமா! தூசு, புகை பக்கம் போகாமல் அதை நடத்திக்கொண்டு போக வேண்டும். அன்றாட மருந்தை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். பீக் ஃப்ளோ மீட்டர் என்கிற ஊதுகுழாயில் ஊதவைத்து, மூச்சின் வேகம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். நடுநடுவே ஆஸ்துமா பற்றிக் கேள்விகள் வேறு.

இதில் என்ன பெரிய விசேஷம் என்கிறீர்களா? தன் உடம்பில் செய்து பார்க்க முடியாத தப்பை எல்லாம் பிள்ளை டைனோசரிடம் செய்து பார்க்கலாம். 'இன்னிக்குத்தான் நல்லா இருக்கோமே, மருந்து எதுக்கு?' என்று நிறுத்தினால் என்ன ஆகிறது என்பதைத் திரையிலேயே பார்த்துவிடும். நாம் நூறு தடவை சொன்னால் அது 'அம்மாவோட நச்சரிப்பு'. டைனோசருக்கு இரைக்கும்போது அதே விஷயம் மனசில் பதிகிறது. (இதே கம்பெனி, சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்காக இரண்டு யானைகளை வைத்தும் ஒரு கேம் செய்தது. அது தனிக் கதை.)

நோட்டா, பெட்டியா?

அடுத்து வந்தது இன்னும் சுவாரசியம். கலிஃபோர்னியாவில் ஓக்லாண்ட் நகரத்தில் 8 முதல் 16 வயது வரை உள்ள 134 ஆஸ்துமா பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஒரு அணிக்கு, தினமும் எழுதி வைக்க ஒரு நோட்டு. இன்னொரு அணிக்கு, வீட்டு டெலிபோன் லைனில் மாட்டுகிற 'ஹெல்த் படி' என்ற சின்னப் பெட்டி. அது தினமும் கேள்வி கேட்கும். 'இன்று இருமல் இருந்ததா? மருந்து போட்டாயா?' பிள்ளை பட்டனை அமுக்கிப் பதில் சொன்னால், உடனே அதற்கு மறுபதில் வரும். இந்தப் பதில்களை எல்லாம் நர்ஸ் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

2002-ல் முடிவு வெளியானது. பெட்டி வைத்திருந்த பிள்ளைகளுக்கு ஓடியாட முடியாமல் முடங்கிய நாட்கள் குறைவு. ஊதுகுழாய் அளவு ஆபத்துப் பக்கம் இறங்கியதும் குறைவு. ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போன் அடித்ததும் குறைவு.

அப்போ ஏதாவது ஒரு கேமை வாங்கிப் போட்டுவிட்டால் போதுமா? போதாதுங்க! அமெரிக்காவிலேயே 2000-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியில், ஆஸ்துமா கேம் விளையாடிய பிள்ளைகளுக்கு விஷய ஞானம் கூடியது. ஆனால் அவசர சிகிச்சைக்கு ஓடியதில், விளையாடாத பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! ஓக்லாண்டில் தினசரி விசாரிப்பு இருந்தது, அந்தப் பக்கம் ஒரு நர்ஸும் இருந்தார். வித்தியாசம் அங்கேதான் என்பது என் கணிப்பு.

உங்கள் செல்போனில்...

இன்றைக்கு அந்தப் பெட்டி வேலையைச் செல்போனே செய்துவிடும். ஆஸ்துமாவுக்கு என்று எத்தனையோ ஆப்கள், வீடியோக்கள். கண்ணை மூடிக்கொண்டு இறக்கிவிடாதீர்கள். முக்கியமாக ஒன்று பாருங்கள். 'உங்ககிட்ட இருக்கிறது எந்த வகை இன்ஹேலர்?' என்று அது கேட்கிறதா? அழுத்தினால் புஸ்ஸென்று மருந்து வரும் வகை என்றால் மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பிறகு பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். நம் ஊரில் நிறையப் பேர் வைத்திருக்கிற, கேப்சூல் போட்டு உறிஞ்சுகிற வகை என்றால் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டும் நேர் எதிர்! வெளிநாட்டு வீடியோவில் முதல் வகையைப் பார்த்துவிட்டு, கேப்சூல் வகையை மெதுவாக இழுத்தால் பாதி மருந்து உள்ளேயே போகாது.

அடுத்தது, அது எந்த வருஷத்துப் பாடம்? ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் 'ஜினா' அமைப்பு 2019-ல் ஒரு பெரிய மாற்றம் செய்தது. இழுப்பு வந்தால் உடனே தணிக்கும் மருந்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது, மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தும் இன்ஹேலரில் சேர வேண்டும் என்பது பெரியவர்களுக்கும் 12 வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் அது சொன்ன பாடம். பழைய ஆப்கள் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கும். அதற்காக நீங்களாக மருந்தை மாற்றாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு என்றதும் பாட்டி பயப்படுவார். இன்ஹேலரில் அது மைக்ரோகிராம் கணக்கில்தான் போகிறது, போட்டதும் வாயைக் கொப்பளித்துவிட்டால் வாய்ப்புண் பயமும் குறையும் என்று எடுத்துச் சொல்லுங்கள். 'பம்ப் பழகிடும்' என்பதும் வீண் பயமே.

'ஆஸ்துமாவை அடியோடு ஒழிக்கும் பொடி' என்று நடுவில் விளம்பரம் காட்டுகிற ஆப்பா? அந்த நிமிஷமே அழித்துவிடுங்கள்.

ஆப்பே வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. பிள்ளை இன்ஹேலர் போடுவதை உங்கள் போனிலேயே ஒரு நிமிஷம் படம் பிடியுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் காட்டுங்கள். எங்கே தப்பு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். திருத்தியதும் மறுபடி ஒரு படம் எடுத்து, இரண்டையும் பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு எந்த மருந்து, எத்தனை தடவை என்பதையும் அப்போதே எழுதி வாங்கி, அதையும் படம் பிடித்து வையுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் பிள்ளை திணறினாலோ, மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நிவாரண மருந்து கொடுத்தும் அடங்காவிட்டாலோ போனில் விளக்கம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளையைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து, டாக்டர் எழுதிக் கொடுத்தபடி நிவாரண மருந்தைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.