பிற நாட்டுப் பள்ளிகளிடம் கற்பது எப்படி?

அண்டை வயலில் நெல் செழித்து நிற்கக் கண்ட விவசாயி, விதையை மட்டும் வாங்கிவந்து தெளித்துவிடுவதில்லை. மண் எத்தகையது, பாசனம் எவ்வாறு, எரு எவ்வளவு என்று விசாரித்துத் தம் நிலத்துக்கு ஏற்றதையே கைக்கொள்கிறார். கல்வித் துறையிலும் இவ்வாறு விசாரித்தறியும் ஆராய்ச்சி உண்டு. அதற்கு ஒப்பீட்டுக் கல்வி என்று பெயர்.

பல நாடுகளின் கல்வி முறைகளை ஒரே விதமான வினாக்களைக் கொண்டு ஆராய வேண்டுமென 1817-ஆம் ஆண்டிலேயே திட்டம் வகுத்தவர், பிரான்சு தேசத்து மார்க் அந்துவான் ஜூலியன் என்பவர். இத்துறைக்கென அமெரிக்காவில் 1956-லும் ஐரோப்பாவில் 1961-லும் கழகங்கள் அமைந்தன. ஆசிய ஒப்பீட்டுக் கல்விக் கழகம் 1995-ல்தான் தோன்றிற்று. இதன் முதல் மாநாடு 1996-ல் டோக்கியோ நகரில் கூடியது. பின்னர் பெய்ஜிங், பாண்டுங் முதலிய நகரங்களிலும் மாநாடுகள் நடந்தன. ஆசிய நாட்டு அறிஞர்கள் தத்தம் நாட்டுக் கல்வி அனுபவங்களை ஒருவருக்கொருவர் எடுத்துரைத்து ஆராய இக்கழகம் வழி செய்கிறது.

இத்தகைய ஆராய்ச்சியின் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஜப்பானில் பள்ளி உணவுச் சட்டம் 1954-ல் இயற்றப்பட்டது. நம் மாநிலத்தில் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. நம் நோக்கம் ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்கு வரச் செய்வது. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளிலோ பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாறுகின்றனர். ஆசிரியரும் உடன் உண்கிறார். உண்பதும் ஒரு பாடமாகிறது. இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்பதில் பயனில்லை. அங்குள்ளதில் நமக்குப் பொருந்துவது எது என்பதே கேள்வி.

தரப்பட்டியல் மட்டும் போதாது என்பதற்கு நம் அனுபவமே சான்று. பதினைந்து வயது மாணவர்களுக்கான 2009-ஆம் ஆண்டுச் சர்வதேச மதிப்பீட்டில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றுக் கடைசி வரிசையில் நின்றன. பட்டியல் நம் இடத்தைக் காட்டியது, காரணத்தைக் காட்டவில்லை. காரணத்தைத் தேடுவதே ஒப்பீட்டு ஆராய்ச்சியின் வேலை.

இவ்வேலையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் பெற்றோர்களும் சிறிய அளவில் செய்யலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும்போது, அண்டை ஊர்ப் பள்ளியையும் நம் பள்ளியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வருகை எவ்வளவு? பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடக்கின்றனர்? ஆசிரியர் எத்தனை பேர்? அறுவடைக் காலத்தில் எத்தனை பேர் நிற்கின்றனர்? விடைகளில் வேற்றுமை தெரிந்தால், யாரையும் குறை கூறாமல் அதன் காரணத்தை விசாரியுங்கள். காரணம் தெரிந்தால்தான் பரிகாரமும் தெரியும்.