'சரண்': தமிழ் – தெலுங்கு எல்லை வழக்கில் ஒரு சொற்பொருள் நோக்கு

சித்தூர், திருப்பதி வட்டாரம் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக ஒருங்கே வழங்கும் நிலப்பகுதியாகும். இங்கு இருமொழிகட்கும் பொதுவான 'சரண்' என்னும் சொல் பொருளெல்லையால் வேறுபடுகிறது. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

வடமொழியில் 'சரண' என்பது புகலிடம், காப்பு எனப் பொருள்படும். 'ஆகதி' என்பது வருகை. எனவே சரணாகதி என்பது புகலிடத்தை வந்தடைதலே. தோல்வி என்னும் பொருள் இச்சொல்லின் உறுப்புகளில் இல்லை. திருவேங்கடத்தானிடம் நம்மாழ்வார் சரணம் புகும் திருவாய்மொழிப் பாசுரத்தில் (6.10.10) 'சரண்' என்னும் சொல்லே இல்லை. 'புகு' என்னும் வினையடியோடு இயைந்த சொற்களே அங்கு அப்பொருளைத் தருகின்றன.

எழுத்துமுறையும் இங்கு நோக்கத்தக்கது. புகலைக் குறிக்கும் வடசொல் உரசொலியில் தொடங்குவது. அடியைக் குறிக்கும் 'சரண' என்பதோ அடைப்பொலியில் தொடங்குவது. தெலுங்கு இவற்றை வெவ்வேறெழுத்தால் எழுதும். தமிழில் இரண்டும் 'சரணம்' என ஒன்றாயின. புகலடைதலும் திருவடி பற்றுதலும் தமிழில் ஒருசொல்லில் இணைந்து தோன்றுவதற்கு இவ்வொற்றுமையும் துணைசெய்கிறது.

இக்காலத் தமிழில் இச்சொல்லின் ஆட்சி மேலும் விரிந்தது. அடியவர் இறைவனிடம் சரணடைகிறார். குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் சரணடைகிறார். 1971 டிசம்பர் 16இல் பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்தது. அரசு ஊழியர் ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறுவதும் 'சரண் விடுப்பு' எனப்படும். இக்கடைசி வழக்கு ஆங்கில அலுவலகச் சொல்லின் பொருளைத் தழுவியது.

தெலுங்கிலோ இவை ஒருசொல்லில் அடங்குவதில்லை. இறைவனிடமும் காப்பவரிடமும் புகுதற்குச் 'சரணு', 'சரணாகதி' என்பன வழங்கும். காவலரிடமோ பகைவரிடமோ பணிதற்கு, அடங்குதல் என்னும் பொருளுடைய 'லொங்கு' என்பதன் அடியாகப் பிறந்த 'லொங்கிபோவு' என்பதே செய்தி வழக்கு.

எனவே 'லொங்கிபோவு' என்பதைத் தமிழில் 'சரணடை' எனப் பெயர்த்தல் பொருந்தும். ஆயின் தமிழ்ச் 'சரணடை' எங்கு வரினும் தெலுங்கில் 'சரணு' என எழுதுதல் பிழையாகும். காவல் நிலையத்தில் தன்னை ஒப்படைத்தவர், அப்பெயர்ப்பில் அங்குப் பாதுகாப்பு வேண்டிச் சென்றவராகிவிடுவார். ஏற்பவர் காப்பவரா, அடக்குபவரா என்னும் வினாவே இங்குச் சொல்லைத் தேர்ந்துதரும். தமிழ் மூலம் சொல்லாது விடும் இவ்வேறுபாட்டைச் சூழலிலிருந்து உணர்ந்து பெயர்த்தல் மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.