திசு சொன்னால்தான் புற்றுநோய்

கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. மாலையானால் லேசாகக் காய்ச்சல். உடம்பும் இளைத்து வருகிறது. நம் நாட்டில் இது காசநோயாகவும் இருக்கலாம், நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பெட் ஸ்கேனிலும் இரண்டுமே ஒளிரும். கட்டியின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். மருத்துவ மாணவர்கள் முதலில் மனதில் இருத்த வேண்டிய விதி இது.

விதிவிலக்குகள் உண்டு, ஆனால் குறைவு. ஈரல் சுருங்கிய நோயாளியின் கல்லீரல் கட்டியைப் பல நேரங்களில் சிடி, எம்ஆர்ஐ படங்களைக் கொண்டே உறுதி செய்கிறார்கள். விரையில் புற்றுநோய் என்று சந்தேகித்தால் ஊசி குத்தாமல், விரையையே இடுப்பு மடிப்பு வழியாக அகற்றிப் பரிசோதிக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனை மட்டும் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். சினைப்பைப் புற்றுநோயில் கூடும் சிஏ-125, வயிற்றுக் காசநோயிலும் கூடும். மாதவிடாய் நாட்களில்கூட சற்று உயரும். அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு பெண்ணிடம் புற்றுநோய் என்று சொல்வது பெரும் கொடுமை.

திசுவை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் பாதி முடிவு அடங்கியிருக்கிறது. வாய்ப்புண் என்றால் அழுகிப்போன நடுப்பகுதியை எடுக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் செத்த செல்களே கிடைக்கும். புண்ணின் விளிம்பில் வெட்ட வேண்டும். கழுத்துக் கட்டிக்கு மெல்லிய ஊசிப் பரிசோதனை நல்ல தொடக்கம். ஆனால் நிணநீர்ப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால், முடிந்தவரை முழு முடிச்சையும் எடுக்க வேண்டும். செல்கள் அமைந்திருக்கும் விதமும் தெரிந்தாக வேண்டும். எடுத்ததும் 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப்போல் சுமார் பத்து மடங்கு அளவு திரவத்தில் போட வேண்டும். தாமதித்தால் செல்கள் சிதையும். அதே சமயம், ஒரு துண்டை ஃபார்மலின் படாமல் சலைனில் தனியே அனுப்ப மறக்காதீர்கள். ஃபார்மலின் காசநோய்க் கிருமியைக் கொன்றுவிடும். பிறகு கல்ச்சர் செய்ய வழியே இல்லை.

“ஊசி குத்தினால் பரவிடும்” என்று பயந்து வீடு திரும்பும் நோயாளிகள் இன்றும் உண்டு. முறையாகச் செய்யும் பயாப்சியால் நோய் பரவும் அபாயம் மிக அரிது என்பதை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள். தள்ளிப்போடும் மாதங்கள்தான் உண்மையான ஆபத்து.

முடிவு வந்ததும் “எந்த ஸ்டேஜ் டாக்டர்?” என்பார்கள். பயாப்சி அறிக்கையில் பெரும்பாலும் இருப்பது கிரேடு: செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற கணக்கு. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. கட்டி, நிணநீர் முடிச்சு, தொலைதூரப் பரவல் மூன்றையும் பார்த்துச் சொல்லும் டிஎன்எம் முறையை வகுத்தவர் பிரெஞ்சு மருத்துவர் பியர் தெனுவா.

வார்டில் பயாப்சி படிவத்தை நிரப்பும் வேலை பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன் தலையில்தான் விழும். வயது, திசு எடுத்த இடம், எத்தனை நாளாகக் கட்டி இருக்கிறது, ஸ்கேனில் என்ன தெரிந்தது, முன்பு என்ன சிகிச்சை, உங்கள் சந்தேகம் என்ன என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். நோயாளியை ஒருமுறைகூடப் பார்க்காத நோய்க்குறியியல் நிபுணருக்கு, ஸ்லைடோடு சேர்த்துப் படிக்க உங்கள் கையெழுத்து மட்டுமே இருக்கிறது.