விளக்கு எரிந்தால் பெடல் கனக்கும்

"மிஸ், மோட்டார் டைனமோவைச் சுத்தட்டும். டைனமோவுல வர்ற கரண்டையே மோட்டாருக்குக் குடுத்துட்டா, நிக்காம ஓடுமே?" பத்தாம் வகுப்பில் மின்சாரப் பாடம் தொடங்கினாலே யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். அப்படி ஓடுகிற வீடியோவையும் செல்போனில் பார்த்திருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சுழற்சி மின்சாரமாகும் என்பது பாதிப் பதில். மீதியைக் கையால் உணர வேண்டும்.

சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, 6 வோல்ட், 3 வாட் டைனமோவை டயரில் படும்படி சாய்த்துவிடுவேன். அதன் உள்ளே சுழல்வது காந்தம். பக்கத்தில் அசையாமல் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். காந்தம் சுழலச் சுழல, சுருளின் வழியே செல்லும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம்தான் கம்பியில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தது இது. காந்த முனைகளுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றி, தொடர்ந்து மின்சாரம் எடுத்தும் காட்டினார்.

முதலில் பல்பு ஒயரைக் கழற்றிவிட்டுப் பெடலைச் சுற்றச் சொல்வேன். சக்கரம் சுலபமாக ஓடும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒயரை மாட்டுவேன். பல்பு எரியும், அதே நொடியில் பெடல் கனக்கும். கையை எடுத்தால் சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் நிற்கும். கம்பியில் ஓடும் மின்சாரம் தானும் ஒரு காந்தமாகி, தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்த்துப் பிடிக்கிறது. 1834இல் லென்ஸ் என்ற அறிவியலாளர் வகுத்த விதி இதுதான். அந்த எதிர்ப்பை மீறிக் கை செய்கிற வேலைதான் பல்பில் வெளிச்சமாகிறது. அதனால்தான் மோட்டாரும் டைனமோவும் ஒன்றையொன்று ஓட்டிக்கொண்டே இருக்க முடியாது. உராய்விலும் கம்பிச் சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றல் கழிந்து இரண்டும் நின்றுபோகும். நிற்காமல் ஓடுவதாகக் காட்டும் வீடியோவில் எங்கோ ஒரு பேட்டரியோ வேறு ஏமாற்றோ ஒளிந்திருக்கிறது. பிள்ளைகள் அதை நம்பிக் காசைச் செலவழிப்பதுதான் எனக்கு வருத்தம்.

இதைவிடப் பெரிய டைனமோவைப் பொருத்தி, 100 வாட் அளவுக்கு விடாமல் பெடலை மிதித்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 10 மணி நேரம் ஆகும். 1000 வாட் வாட்டர் ஹீட்டருக்கு அது ஒரு மணி நேரத் தீனி.

மேட்டூர் அனல் மின் நிலையத்திலும் இதே கதைதான். அங்கே நீராவி சுழலியை நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுகிறது. நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் அந்த வேகத்தில் பிறப்பது. சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது அந்தச் சுழலியும் கனக்கும், வேகம் துளி இறங்கும். உடனே கூடுதல் நீராவியைத் திறந்துவிட்டால்தான் 50 நிலைக்கும்.