சமூக ஆராய்ச்சியும் ரேஷன் கார்டும்

அணை கட்டும் எஞ்சினீயரின் உழைப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. சமூக வாழ்வை ஆராயும் அறிஞரின் உழைப்போ அவ்விதம் தெரிவதில்லை. அவர் வினவுகிறார், கணக்கெடுக்கிறார், அறிக்கை எழுதுகிறார். அதனால் ஏழைக்கு என்ன பயன் என்று கேட்போர் பலர். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு நெருங்கிய ஓர் உதாரணத்தைக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மலிவு விலையில் தானியம் பெறும் உரிமையை அளித்தது. ஆனால் ரேஷன் கார்டு பெரும்பாலும் சொந்த ஊர்க் கடையோடு பிணைந்திருந்தது. ஒடிசாவிலிருந்து சூரத்தின் தறிகளுக்குப் போன தொழிலாளியின் பங்கு ஊரிலே இருந்தது. அவரோ கடைத்தெருவில் முழு விலை கொடுத்து அரிசி வாங்கினார். குடும்பம் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் என்ற எண்ணத்தின் மீது ஏற்பாடு அமைந்திருந்தது.

அந்த எண்ணம் சரிதானா? ஜனத்தொகைக் கணக்கு, சில மாதங்களுக்கு மட்டும் வேலை தேடிச் செல்வோரைச் சரிவரக் காட்டுவதில்லை. ஆகவே, மத்திய அரசாங்கத்தின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையைத் தயாரித்தோர் வேறொரு வழி கண்டனர். முன்பதிவில்லாத ரயில் டிக்கட்டுகளின் கணக்கை எடுத்து, ஓர் இராஜ்யத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்றவர் எத்தனை பேர், திரும்பியவர் எத்தனை பேர் என்று கழித்துப் பார்த்தனர். 2011 முதல் 2016 வரை ஆண்டுதோறும் சராசரி சுமார் 90 லட்சம் பேர் இடம்பெயர்ந்தனர் என்று மதிப்பிட்டனர். உணவு உரிமை ஆளோடு கூடச் செல்லவேண்டும் என்பதையும் அவ்வறிக்கை வலியுறுத்திற்று.

2019 ஆகஸ்டில் ஆந்திரம்-தெலங்கானா, குஜராத்-மகாராஷ்டிரம் ஆகிய இராஜ்யங்களிடையே இம்முறை தொடங்கிற்று. 2020 ஊரடங்கில் நெடுஞ்சாலைகளில் நடந்து சென்ற தொழிலாளரின் துயரம் இதன் அவசரத்தை உணர்த்தியது. 2021 ஜூனில், அனைத்து இராஜ்யங்களும் இதை நிறைவேற்றவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2022 ஜூனில் நாடு முழுவதும் ஏற்பாடு பரவியது. கடையிலுள்ள கருவியில் விரல் ரேகை ஒத்துக்கொண்டால், தொழிலாளி தம் பங்கின் ஒரு பகுதியை வேலை செய்யும் ஊரிலும், குடும்பத்தார் எஞ்சியதைச் சொந்த ஊரிலும் பெறலாம்.

ஆராய்ச்சி ஒன்றே இதைச் சாதித்தது என்று கூறலாகாது. சட்டமும், நீதிமன்றமும், நிர்வாகமும் சேர்ந்தே சாதித்தன. ஆயினும், எத்தனை பேர் என்று அறியாத அரசாங்கம் அவர்களுக்காக எதையும் திட்டமிட முடியாது. கணக்கில் வராதவர் பந்தியிலும் இடம் பெறுவதில்லை.

இதில் நமக்கும் ஒரு பங்குண்டு. பம்பாயிலோ தில்லியிலோ நம் வாசலில் கணக்கெடுப்போர் வந்து, எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எத்தனை ஆண்டுகளாயின, தாய்மொழி யாது என்று கேட்கும்போது, அதை வீண் தொல்லையென்று கருதலாகாது. ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடாமல், உள்ளதை உள்ளபடி கூறுவோமாக. நாளைய சட்டங்கள் அந்த விடைகளிலிருந்தே பிறக்கின்றன.