பிள்ளைகளைத் தேடிப் போகும் பள்ளிக்கூடம்

ஆகஸ்ட் மாதம் பாதி தாண்டிவிட்டால் அமெரிக்காவில் கத்தோலிக்கக் கோயில்களை ஒட்டியுள்ள சிறு பள்ளிகள் பரபரப்பாகிவிடும். திறப்பு நாளுக்கு நாலைந்து நாள் முன்னதாக ஒரு மாலைநேரம் ஒதுக்கிக் குடும்பங்களை அழைப்பார்கள். மண்டபத்தில் நீள மேசைகள் போட்டிருக்கும். ஒரு மேசையில் பழைய சீருடைகள் குவியலாகக் கிடக்கும்: கட்டம்போட்ட கவுன்கள், கருநீலக் கால்சட்டைகள், காலர் வைத்த வெள்ளைச் சட்டைகள். பிள்ளைக்குச் சின்னதாகிப்போனதை அங்கே போட்டுவிட்டு, அளவு பார்த்து வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த மேசையில் பெற்றோர் பெயர் எழுத வேண்டிய தாள்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யார் வருவது, நிதி திரட்டும் பிங்கோ இரவை யார் நடத்துவது, தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கே போடும் மீன் விருந்துக்கு யார் மீன் பொரிப்பது எனக் கேட்டிருப்பார்கள். பல பள்ளிகளில் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பள்ளிக்காக உழைத்தாக வேண்டும் என்பது விதி. அது விருந்தோம்பலோடு சேர்ந்தே வரும் கடமை.

வாசலில் தலைமையாசிரியரும், ‘பங்கு’ எனப்படும் அந்தக் கோயில் வட்டாரத்தின் குருவான பங்குத்தந்தையும் நின்று கைகுலுக்குவார்கள். அந்தப் பங்குத்தந்தை கேரளத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்தவராக இருப்பதும் உண்டு. பல பங்குகள் சேர்ந்து ஓர் ஆயரின் கீழ் அமையும் அமெரிக்க மறைமாவட்டங்கள் பலவற்றில் இந்தியக் குருக்கள் பணியாற்றுகிறார்கள்.

இந்தக் கைகுலுக்கல் வெறும் மரியாதைக்கு அல்ல. போன ஆண்டு படித்த பிள்ளை இந்த ஆண்டும் வருமா என்பதைப் பொறுத்தே பல பங்குப் பள்ளிகளின் ஆயுள் இருக்கிறது. பாலர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள இந்தப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு இருபது பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் மூச்சு விடும். அது பன்னிரண்டாகக் குறைந்தால் மறைமாவட்டத்தின் கணக்காளர் தொலைபேசியில் கூப்பிடுவார்.

முன்பெல்லாம் இப்படி யாரும் வாசலில் நின்று அழைத்ததில்லை. 1884இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்களின் மூன்றாவது பொதுச்சங்கம், இரண்டு ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு கோயிலுக்குப் பக்கத்திலும் ஒரு பள்ளி எழும்ப வேண்டும் என்று ஆணையிட்டது. கத்தோலிக்கப் பெற்றோர் தம் பிள்ளைகளை அங்கேதான் அனுப்ப வேண்டும். தக்க காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு. எல்லாப் பங்குகளாலும் அதை நிறைவேற்ற முடியவில்லை என்றாலும், குடும்பம் எந்தப் பங்கில் இருக்கிறதோ அந்தப் பள்ளிக்குத்தான் பிள்ளை என்பது எழுதாத சட்டமானது.

ஆணைக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. அன்றைய அரசுப் பள்ளிகளில் படிக்கப்பட்டது புராட்டஸ்டண்ட் விவிலியம்; பாடப் புத்தகங்களின் தொனியும் அதுவே. 1844இல் பிலடெல்பியாவில், பள்ளியில் எந்த விவிலியத்தை வாசிப்பது என்ற சச்சரவு கலவரமாக வெடித்து, கத்தோலிக்கக் கோயில்கள் எரிக்கப்பட்டன. எட்டு ஆண்டுகள் கழித்து அந்த நகருக்கு ஆயராக வந்த ஜான் நியூமன், சிதறிக் கிடந்த பங்குப் பள்ளிகளை ஒரே மறைமாவட்ட அமைப்பின் கீழ் கொண்டுவந்தார். அவர் பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அயர்லாந்து, ஜெர்மனி, போலந்து, இத்தாலி என்று கப்பல் ஏறி வந்தவர்களுக்கு இந்தப் பள்ளிகள் மதத்தோடு மொழியையும் காத்துக்கொடுத்தன. போலந்துக்காரர் பங்கில் போலிஷ், ஜெர்மானியர் பங்கில் ஜெர்மன்.

எதிர்ப்பு ஓயவில்லை. எட்டு வயதிலிருந்து பதினாறு வரையுள்ள பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று 1922இல் ஓரிகன் மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் அதை முன்நின்று ஆதரித்தது. பள்ளி நடத்திவந்த அருட்சகோதரிகள் சபை ஒன்று வழக்குத் தொடுக்க, 1925இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பதில் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று அமெரிக்காவில் இன்று யார் வாதாடினாலும் அந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள்.

1960களின் நடுவில் உச்சம். கத்தோலிக்கப் பள்ளிகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஒரே அறையில் ஐம்பது அறுபது பேர், முன்னால் ஒரே ஒரு கன்னியாஸ்திரி. வெளியே இடத்துக்குக் காத்திருந்த குடும்பங்கள். அப்போது வரவேற்புக் கூட்டத்துக்கு அவசியமே எழவில்லை.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கழன்றன. அடிப்படைக் காரணம், அந்தக் கன்னியாஸ்திரிதான். 1950 வாக்கில் ஆசிரியர்களில் பத்தில் ஒன்பது பேர் துறவியர். அவர்கள் பெற்றது சம்பளமே அல்ல, செலவுக்கு ஒரு சிறு தொகை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காணிக்கையிலேயே பள்ளியை ஓட்டிவிட முடிந்தது. துறவு வாழ்வுக்கு வருவோர் 1960களின் பிற்பாதியிலிருந்து வேகமாகக் குறைந்தார்கள். ஏற்கெனவே இருந்தவர்களிலும் பலர் விலகினார்கள். இன்று ஆசிரியர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் துறவியராகத் தேறுவது அரிது. மற்றவர்களுக்கு வீட்டுக் கடன் உண்டு, பிள்ளைகள் உண்டு, மருத்துவக் காப்பீடு வேண்டும். பள்ளிக் கட்டணம் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலராக ஏறியது இதனால்தான். பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியோ இலவசம்.

அதே காலத்தில் நகரத்துக் கத்தோலிக்கர்கள் புறநகர்களுக்குக் குடிபோனார்கள். கோயிலும் பள்ளியும் பழைய தெருவிலேயே நின்றன. அங்கே புதிதாக வந்தவர்கள் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர். கறுப்பினத்தவரில் பலர் கத்தோலிக்கர் அல்லர். 1970இல் மூன்று சதவீதத்துக்கும் குறைவாக இருந்த கத்தோலிக்கர் அல்லாத மாணவர்கள் இப்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பள்ளி தன் பங்கு மக்களுக்காக மட்டும் என்ற பழைய கணக்கு அங்கே செல்லாமல் போனது. சொல்லப்போனால், இந்தப் பள்ளிகள் செய்த மிக நல்ல வேலை அந்த மாற்றத்துக்குப் பிறகு செய்ததுதான்.

நம்பிக்கைக்கு விழுந்த பெரிய அடி 2002இல் வந்தது. குருக்கள் சிறுவர்களிடம் நடத்திய பாலியல் அத்துமீறல்களையும் மறைமாவட்டம் அவற்றை மூடி மறைத்ததையும் பாஸ்டன் நாளிதழ் ஒன்று வெளிக்கொணர, நாடே அதிர்ந்தது. அதே ஆண்டு ஆயர்கள் டல்லாஸில் கூடிச் சிறார் பாதுகாப்பு விதிகளை வகுத்தார்கள். இன்று வரவேற்பு மாலையில் தவறாமல் இருக்கும் இன்னொரு மேசை அதன் விளைவுதான். உணவுக்கூடத்தில் நிற்க விரும்பும் அம்மாவானாலும், சுற்றுலாவுக்குக் கூடப் போக விரும்பும் தாத்தாவானாலும், குற்றப் பின்னணிச் சரிபார்ப்புக்கு ஒப்புக்கொண்டு பாதுகாப்புப் பயிற்சியும் முடிக்க வேண்டும். பண்டிகைக் களை கட்டிய மண்டபத்தில் அந்த மேசை கொஞ்சம் இறுக்கமாகத்தான் தெரியும். அதை ஓரமாக ஒதுக்காமல் நடுவில் போட்டிருக்கும் பள்ளியைப் பெற்றோர் கூடுதலாக நம்பலாம்.

பிறகு கொரோனா. 2020 இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை ஒரே ஆண்டில் ஆறு சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இருநூறு பள்ளிகளுக்குமேல் மூடப்பட்டன அல்லது இணைக்கப்பட்டன. வேலை போன பெற்றோரால் கட்டணம் கட்ட முடியவில்லை, பூட்டிய கோயிலில் காணிக்கையும் விழவில்லை. ஆனால் கதை அங்கே திரும்பியது. சிகாகோ போன்ற பெருநகரங்களில் அரசுப் பள்ளிகள் கணினித் திரை வழியே பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, கத்தோலிக்கப் பள்ளிகள் முகக்கவசத்தோடும் இடைவெளியோடும் வகுப்பறைகளைத் திறந்தன. வேலைக்குப் போயே தீர வேண்டிய பெற்றோர் அங்கே திரும்பினார்கள். அடுத்த ஆண்டு சேர்க்கை ஏறக்குறைய நான்கு சதவீதம் கூடியது. இப்போது உயர்நிலைப் பள்ளிகளையும் சேர்த்து எண்ணினால் சுமார் 17 லட்சம் மாணவர்கள், ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பள்ளிகள்.

அவசரத்துக்கு வந்த குடும்பத்தைத் தக்கவைப்பதில்தான் இந்தப் பள்ளிகளின் பழைய பழக்கங்கள் கைகொடுக்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாலர் வகுப்புப் பிள்ளை ஒன்றைத் துணையாக ஒப்படைப்பது பல பள்ளிகளில் வழக்கம். வாராந்தரத் திருப்பலிக்கு இருவரும் கைகோத்துப் போய் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். அந்தப் பெரிய பிள்ளை, ஷூ நாடா கட்டத் தெரியாத சின்னதற்குக் குனிந்து கட்டிவிடும். பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக்கொடுக்கும். கத்தோலிக்கர் அல்லாத வீட்டிலிருந்து வந்த ஐந்து வயதுக்காரனுக்கு எப்போது எழ வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவருகிறது. விளம்பரச் செலவில் வாங்க முடியாத வரவேற்பு இது.

பணப் பிரச்சினைக்கு ஆளுக்கொரு வழி தேடுகிறார்கள். கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா மறைமாவட்டம் 2002 முதல் பங்கில் ஈடுபாட்டோடு இருக்கும் குடும்பங்களிடம் கட்டணமே வாங்குவதில்லை. எல்லாரும் வருமானத்தில் ஒரு பகுதியைப் பங்குக்குக் கொடுக்கிறார்கள், பள்ளி அதில் நடக்கிறது. பிள்ளை இல்லாத முதியவரின் காணிக்கையிலும் அடுத்த வீட்டுச் சிறுமி படிக்கிறாள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கோயிலுக்கு ஒழுங்காக வரும் கூட்டம் உள்ள இடத்தில் மட்டுமே இது பலிக்கும்.

வேறு மாநிலங்களில் அரசே கைகொடுக்கிறது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு பணம் தரும் கல்வி வவுச்சர் திட்டம் மில்வாக்கி நகரத்தில் 1990இல் தொடங்கி, 1998இலிருந்து மதப் பள்ளிகளுக்கும் விரிந்தது. கிளீவ்லாந்தின் வவுச்சர் செல்லும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரிசோனா 2022இலும் ஃபுளோரிடா 2023இலும் வருமான வரம்பே இல்லாமல் எல்லாக் குடும்பங்களுக்கும் இந்த உதவியைத் திறந்துவிட்டன. அரசுப் பள்ளிகளுக்குப் போக வேண்டிய பணம் கரைகிறது என்ற எதிர்க்குரல் பலமாகவே ஒலிக்கிறது. அதைப் புறந்தள்ள முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் மூடப்படும் பள்ளிகள் உண்டு. நோட்ரடாம் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர்கள் மார்கரெட் பிரினிக், நிக்கோல் கார்னெட் இருவரும் சிகாகோவை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட நூலில், பங்குப் பள்ளி மூடப்பட்ட பகுதிகளில் அக்கம்பக்கத்தார் உறவு தளர்ந்து ஒழுங்கீனம் கூடியதாகச் சொல்கிறார்கள். மீன் பொரிக்க ஒன்றுகூடியவர்கள் தெருவையும் சேர்த்தே கவனித்துக்கொண்டிருந்தார்கள் போலும்.

மூடப்பட்ட பள்ளியின் குடும்பங்களை வரவேற்பதுதான் இருப்பதிலேயே கடினம். பாஸ்டனில் டார்செஸ்டர், மாட்டபான் பகுதிகளின் பங்குப் பள்ளிகளை 2008இல் ஒன்றாக்கியபோது, எந்தப் பழைய பங்கின் பெயரையும் வைக்காமல் போப் இரண்டாம் ஜான் பால் பெயரைச் சூட்டினார்கள். யார் வீட்டுக்கும் யாரும் விருந்தாளி இல்லை என்றாக்கும் உத்தி அது.

ஆகஸ்டில் பிடித்த கை நிலைத்ததா என்பது ஜனவரியில்தான் தெரியும். அம்மாதக் கடைசி ஞாயிறன்று கத்தோலிக்கப் பள்ளிகள் வாரம் தொடங்குகிறது. 1974இலிருந்து நடக்கும் வழக்கம். பள்ளியைத் திறந்துவைத்து எல்லாருக்கும் சுற்றிக் காட்டுவார்கள், தாத்தா பாட்டிகளை அழைப்பார்கள். அடுத்த ஆண்டுக்கான மறுபதிவுப் படிவங்கள் வீடுகளுக்குப் போவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். மார்ச், ஏப்ரலில் தலைமையாசிரியர் படிவங்களை எண்ணிப் பார்ப்பார். பிலடெல்பியாவோ டெட்ராய்ட்டோ, எந்த மறைமாவட்டத்திலும் அடுத்த ஆண்டு ஆசிரியர் ஒப்பந்தங்கள் அந்த எண்ணை வைத்துத்தான் கையெழுத்தாகும்.